கிண்ணத்துத் தண்ணீர்

"விளக்கு எரிவதற்கு முன்னால் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வந்தால் பாதியைத்தான் பார்ப்பீர்கள்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஜனவரி மாதம். டொராண்டோவிலிருந்து கிழக்கே ஓஷாவா வரைக்கும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பனி குவிந்து கிடந்தது. ஆறே முக்காலுக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். அறுபதைத் தாண்டிய அம்மாள். மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலணியைக் கழற்றச் சொன்னார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "கீழே போனதும் எதையும் கை நீட்டிக் காட்ட வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்" என்றார்.

இருட்டறை. தரையில் வைத்த சிறிய டார்ச்சின் வெளிச்சம் மட்டும் மேலே கசிந்தது. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தின் வாசனை. கண் பழகியதும் கூண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம். அலுமினியச் சல்லடையால் ஆன சுவர்கள். எல்லாவற்றையும் உயரமான மேசைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார். மேல் கிளையில் இருக்கும் பிராணியைப் பார்க்க நான் அண்ணாந்துதான் நிற்க வேண்டியிருந்தது. மனிதன் தலைக்குக் கீழே இருந்தால்தான் அதற்கு நிம்மதியாம். பருந்து மேலிருந்து வருவது.

உறங்கிக்கொண்டிருந்தன. பகலில் கண்ணைப் பறிக்கும் நிறமெல்லாம் வடிந்து, உரித்த வாழைத்தண்டு போல வெளுத்து, வாலைக் கொசுவத்திச் சுருளாகச் சுற்றிக்கொண்டு, காம்போடு காம்பாக ஒட்டிக் கிடந்தன. கூண்டுகளுக்கு இடையில் அட்டைத் தடுப்புகள் செருகியிருந்தன. ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது. தொடக்கூட வேண்டாம், பார்வையில் பட்டாலே போதும், எதிரி எதிரே நிற்கிறான் என்ற பதற்றத்திலேயே ஒன்று சாப்பாட்டை விட்டுவிடும். ஜோடியாக வைத்தால் துணையாக இருக்கும் என்று நாம் நினைப்பது நம் ஆசை. பச்சோந்தி தனிக்கட்டை.

மூலையில் ஒரு கூண்டைப் பழைய படுக்கை விரிப்பால் முழுக்க மூடியிருந்தார். "அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள்" என்றார். ஏன் என்று பிறகு சொல்வதாகச் சைகை காட்டினார்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கோ ஒரு சிறிய பம்பு முனகியது. ஒவ்வொரு கூண்டின் கூரையிலிருந்தும் புகை போன்ற தூறல் இறங்கியது. மணி பிளான்ட்டின் இலைகளில், ஃபைக்கஸ் செடியின் நுனிகளில், செம்பருத்திக் கிளையில் துளி துளியாகச் சேர்ந்தது. இரண்டு நிமிடத்தில் பம்பு நின்றது. அதற்கும் பிறகுதான் விளக்கு. முதலில் நீர், பிறகு வெளிச்சம், கடைசியில் சூடு. இதுதான் வரிசை. மடகாஸ்கரில் விடியற்காலையில் இலையெல்லாம் பனி கோத்திருக்கும். அப்போதுதான் வெயில் ஏறும். இந்த அறை அந்த ஒரு மணி நேரத்தை ஒவ்வொரு நாளும் செய்து காட்டுகிறது.

எனக்கு எதிரே இருந்தது வடமேற்கு மடகாஸ்கரின் அம்பிலோபே பகுதி வம்சத்தைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்தி. நான்கு வயது ஆண். விளக்கு வந்ததும் கோபுரம் போன்ற ஒரு கண் மட்டும் திறந்து, சுற்றி, என்னைக் கண்டு நின்றது. மற்றக் கண் அதற்குப் பிறகும் சற்று நேரம் மூடியே இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மெல்ல ஓர் அடி எடுத்து வைத்தது. காற்றில் ஆடும் இலையைப் போல முன்னும் பின்னும் ஆடி இன்னோர் அடி. முன்னங்காலில் உள்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு; பின்னங்காலில் அதற்கு நேர்மாறு. இடுக்கி போல நான்கு கை. ஓர் இலை நுனியில் வாயை வைத்தது. துளியை நக்கியது. பிறகு அடுத்த இலை.

அந்த இடத்திலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் ஊர். உடைமரத்திலிருந்து அண்ணன் ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்தான். தெருப் பையன்கள் கையில் கிடைத்தால் அதன் வாயில் புகையிலையைத் திணித்துத் தள்ளாடவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்றுதான் நாங்கள் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் வேப்பிலை போட்டு, அதற்குள் விட்டோம். ஆச்சி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். தினமும் மாற்றினோம். கிண்ணத்துத் தண்ணீர் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. மூன்றாம் நாள் கண் இரண்டும் உள்ளே குழிந்து, பகலிலேயே மூடிக்கொண்டது. "தூங்குது, எழுப்பாதீங்க" என்றாள் ஆச்சி. நான்காம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. தண்ணீர் வைத்தும் ஏன் செத்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

அந்த அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. "அசையாத தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீர் என்று கண்டுகொள்வதில்லை. மரத்தில் இருக்கிற பிராணிக்குத் தண்ணீர் என்றால் மேலிருந்து விழுவது, மினுங்குவது, இலையில் நகர்வது. கிண்ணத்தில் இருப்பது அதற்கு வெறும் தரை" என்றார். சற்றுப் பொறுத்து, "பகலில் கண்ணை மூடிய பச்சோந்தி தூங்கவில்லை. அது மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்" என்றார்.

ஒவ்வொரு கூண்டின் அடித்தட்டையும் இழுத்து எச்சத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கரிய பகுதியோடு சேர்ந்து வெள்ளையாக ஒரு கட்டி இருக்கும்; அது சிறுநீரின் உப்பு. சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தால் உடம்பில் நீர் போதுமானது. முழுக்க ஆரஞ்சு நிறமாக இருந்தால் தாகத்தில் இருக்கிறது. "இது வலிக்கிறது என்று சொல்லாத பிராணி. பலவீனமாகத் தெரிந்தால் காட்டில் அன்றைக்கே இரையாகிவிடும் என்பதால் கடைசி வரைக்கும் மறைக்கும். அதனால் நான் எச்சத்தைப் பார்க்கிறேன், எடையைப் பார்க்கிறேன், பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்கிறேன்." சொல்லிக்கொண்டே ஒரு நோட்டில் எழுதினார். மருத்துவமனையில் கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டை போலவே இருந்தது அந்தப் பக்கம்.

விளக்குகளைப் பற்றி அவர் பேசியது அதிகம். ஒவ்வொரு கூண்டின் மேலும் இரண்டு வகை. சூடு தரும் பல்பு ஒன்று. அதன் நேர் கீழே உள்ள கிளையில் 30 டிகிரி, கூண்டின் அடியில் 23. இரவில் எல்லாம் அணைந்து 18 வரைக்கும் இறங்கும். அந்த இறக்கம் அவசியம். மற்றது நீளமான குழல் விளக்கு, புற ஊதாக் கதிரில் பி வகையைத் தருவது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும்; டி3 இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இல்லாவிட்டால் தாடை ரப்பர் போல வளையும், கால் எலும்பு வில்லாகும், நாக்கை எறியவும் வலு இராது. ஜன்னல் ஓரத்தில் வெயிலில் வைத்திருக்கிறேனே என்று சிலர் சொல்வார்களாம். கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. குழல் விளக்கிலும் இதே ஏமாற்று உண்டு: கண்ணுக்கு ஒளி குறையாமலே கதிர் குறைந்துகொண்டு போகும். அதனால் எரிகிற விளக்கையே ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறார். கையில் ஒரு மானியை வைத்துக் கிளையின் உயரத்தில் அளந்து காட்டினார். புற ஊதாக் குறியீடு 3.

தீனி அறை தனி. கதவைத் திறந்ததுமே சுவர்க்கோழிகளின் இரைச்சல். பிளாஸ்டிக் தொட்டிகளில் முட்டை அட்டைகளை அடுக்கி, அவற்றின் மடிப்புகளில் சுவர்க்கோழி ஒரு பக்கம், டூபியா என்னும் அயல்நாட்டுக் கரப்பான் ஒரு பக்கம், முசுக்கட்டை மாவைத் தின்னும் பட்டுப்புழு ஒரு பக்கம். எனக்கு வியப்பாக இருந்தது, அவற்றுக்குப் போட்டிருந்த சாப்பாடு. கேரட், கீரை, ஆரஞ்சு, பூசணி எல்லாம் புதிதாக நறுக்கியவை. பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் பச்சோந்தியின் வயிற்றுக்குப் போகிறது. காய்ந்த தவிட்டைத் தின்ற பூச்சி வெறும் தோல். கொடுப்பதற்கு முன் ஒரு குவளையில் போட்டுச் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் குலுக்கினார். வெள்ளை பூசிக்கொண்டு வெளியே வந்தன. பல சத்துகள் கலந்த பொடி மாதத்துக்கு இரண்டு முறை மட்டும். வைட்டமின் ஏ, டி இரண்டும் மிஞ்சினால் அதுவே நஞ்சு.

பூச்சியின் நீளம், பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. வளர்ந்தவற்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். மீந்த சுவர்க்கோழியைக் கூண்டில் விட்டுவைக்க மாட்டார். இரவில் உறங்கும் பச்சோந்தியை அது கடிக்கும். அந்த ஆண் ஒரு பட்டுப்புழுவைக் குறிவைத்தது. இரண்டு கண்ணும் முதல் முறையாக ஒரே திசையில் திரும்பின. வாய் சற்றே திறந்து நாக்கின் உருண்டை நுனி எட்டிப் பார்த்தது. அதற்கு அடுத்து என்ன நடந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. புழு கிளையில் இல்லை, வாய் மென்றுகொண்டிருந்தது.

பத்து மணியளவில் ஒரு பெண்ணைக் கிளையோடு எடுத்து வந்து, அந்த ஆணின் கூண்டுக்கு முன்னால் காட்டினார். எடுக்கும் விதத்தைக் கவனித்தேன். கையை மேலிருந்து கொண்டுபோகவே இல்லை. தாழ்வாக நீட்டி, இன்னொரு கிளையாக நின்றுகொண்டார். அதுவாக ஏறியது. ஆண் தலையை மேலும் கீழும் வெட்டி வெட்டி ஆட்டியது. பச்சை விலகி மஞ்சள் எழுந்தது. பட்டைகளில் சிவப்பு ஏறியது. ஒரு நிமிடத்துக்குள் வேறொரு பிராணி அங்கே நின்றது. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிஷெல் மிலின்கோவிச்சின் குழு 2015-இல் இதே இனத்தை வைத்துத்தான் காரணத்தைக் கண்டது. தோலில் ஒருவகைச் செல்களுக்குள் குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் அணிவகுத்திருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்புகின்றன. மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சி வந்ததும் படிகங்கள் விலகி நிற்க, மஞ்சளும் சிவப்பும் வெளிப்படுகின்றன. எதிரே இருக்கும் சுவரைப் பார்த்து நடக்கிற காரியம் இல்லை இது.

பெண்ணின் பதில் வேறு. இசைவாக இருந்தால் பீச் பழம் போல வெளிர் ஆரஞ்சாக நிற்குமாம். இது கருத்தது. கரும்பழுப்பில் ஆரஞ்சுக் கோடுகள். வாயைப் பிளந்து, சீறி, கிளையில் பக்கவாட்டில் ஆடியது. இருபது விநாடி ஆகியிருக்காது, அவர் திரும்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். "இந்தக் கறுப்புக்குப் பொருள், வேண்டாம். ஏற்கெனவே கருவுற்றிருக்கலாம். ஒரு கலவியின் விந்தைச் சேமித்து வைத்து அடுத்த முட்டை ஈட்டுக்கும் பயன்படுத்துவார்கள் இவர்கள்." வற்புறுத்தினால் இரண்டுக்குமே காயம். ஒன்பது பத்து மாதம் ஆகாத பெண்ணை ஆணிடம் காட்டவே மாட்டார். ஒரு பெண்ணிடம் வாழ்நாளில் இரண்டு ஈடு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் கிடையாது. முட்டையிட்டே தேய்கிற பிராணி அது. ஆண் ஐந்தாறு ஆண்டு இருக்கும்போது பெண் அதில் பாதியிலேயே போய்விடுவதுண்டு.

நிறம் காட்டும் ஆணைத்தான் எல்லாரும் கேட்டு வருகிறார்கள். எனக்கு அந்த நோட்டில் பெண்களின் பக்கங்கள்தான் முக்கியமாகப் பட்டன. அம்பிலோபே, நோசி பே, அம்பன்ஜா, தமத்தாவே என்று ஊருக்கு ஊர் ஆண்களின் நிறம் வேறு. பெண்களோ ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே சாயல். எந்த ஊர் வம்சம் என்று காகிதம்தான் சொல்ல வேண்டும். அதே ஜெனீவா குழு 324 பச்சோந்திகளின் இரத்தத்தை ஆராய்ந்து, ஒரே இனம் என்று நாம் நினைப்பது பதினோரு இனங்களாக இருக்கலாம் என்று 2015-இல் எழுதியது. ஆகவே வம்சம் தெரியாத பெண்ணோடு சேர்த்து ஈடு எடுப்பதை அவர் பாவம் என்றே நினைக்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

காட்டிலிருந்து பிடித்ததை அவர் வாங்குவதே இல்லை. குடலில் புழுவும் உடம்பில் வறட்சியுமாக, கப்பலேறும் முன்பே பாதி உயிர் போனவையாக வருகின்றன. மடகாஸ்கரின் பச்சோந்திகளில் நான்கு இனங்களைத் தவிர மற்றவற்றின் வணிகத்தை நிறுத்தும்படி அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 1995 வாக்கில் சொன்னதற்கு அந்தக் கொள்ளைதான் காரணம். விதிவிலக்கான நான்கில் பேந்தரும் ஒன்று. வீட்டில் பிறந்த குஞ்சு கிடைத்தால் காட்டுக் குஞ்சுக்கு விலை விழும் என்பது அவர் வாதம். நம் ஊர்ப் பச்சோந்தியின் கதை வேறு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். நாங்கள் செய்தது குற்றம் என்று அந்த வயதில் சொல்ல ஒருவரும் இல்லை.

அப்புறம்தான் விரிப்பு போட்ட கூண்டைப் பற்றிப் பேசினார்.

உள்ளே ஒரு பெண் மூன்றாவது நாளாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தது. கூண்டின் அடியில் ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் கலந்த தொட்டி. தலைகீழாக இறங்கிச் சுரங்கம் தோண்டும். திருப்தியானால் திரும்பி உட்கார்ந்து முட்டையிடும். பிறகு மண்ணை இழுத்து மூடிக் காலால் அமுக்கிவிட்டு, அங்கே ஒன்றுமே நடக்காதது போல மேலே ஏறிவிடும். அதற்குள் ஒரு மனிதத் தலை தெரிந்தால் போதும், பாதியில் நிறுத்திவிடும். நிறுத்தினால் முட்டை உள்ளே தங்கும். தங்கினால் மரணம். அதனால் விரிப்பு, அதனால் உள்ளே ஒரு சிறிய கேமரா. கைப்பேசியில் காட்டினார். சுரங்க வாயில் ஒரு வால் மட்டும் தெரிந்தது.

"என் முதல் பச்சோந்தி ஏமன் இனம். பெண். ஆணே கிடையாது. ஒற்றையாக வைத்திருந்தேன்" என்றார். ஆண் சேராமலும் ஏமன் பெண் கருவற்ற முட்டைகளைச் சுமக்கும். இட மண் வேண்டும். விற்றவர்கள் அதைச் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. கூண்டின் பிளாஸ்டிக் தரையை மூன்று நாள் பிறாண்டியது. வெளியே போக ஆசைப்படுகிறது என்று எண்ணி, எடுத்து நாற்காலிமேல் விட்டு விளையாடினாராம். ஐந்தாம் நாள் இறந்தது. மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது உள்ளே 47 முட்டை. "முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவள் நான். என் கண் முன்னால் பிரசவ வலியில் இருந்த ஒன்றை வேடிக்கை பார்த்திருக்கிறேன்." அதிகம் தீனி போட்டுச் சூட்டையும் ஏற்றி வைத்தால் முட்டையின் எண்ணிக்கை கூடும் என்பதும் பிறகுதான் தெரிந்ததாம். இப்போது பெண்களுக்குத் தீனியையும் சூட்டையும் அளந்தே கொடுக்கிறார்.

முட்டைகள் இருந்த இடம், ஒயின் பாட்டில்களை வைக்கும் சிறிய குளிர்ப்பெட்டி. வெப்பத்தை ஒரு டிகிரி பிசகாமல் பிடித்து வைக்குமாம். மூடி போட்ட டப்பாக்களில் வெர்மிகுலைட் என்னும் மின்னும் துகள், அதில் பாதி புதைந்த முட்டைகள், சுண்டுவிரல் நுனி அளவு. ஈரத்தின் பதத்தை அவர் எனக்குக் கையில் பிடித்துக் காட்டியதும் சிரித்துவிட்டேன். புட்டு மாவின் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், நீர் சொட்டக் கூடாது. ஒவ்வொரு முட்டையின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி. மண்ணில் கிடந்த வாட்டத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். கரு ஒட்டிய பிறகு புரட்டினால் அழியும்.

முதல் இரண்டு மாதம் 18 டிகிரி. பிறகு 23. மடகாஸ்கரில் மழைக்காலக் கடைசியில் இட்ட முட்டை, மே முதல் அக்டோபர் வரையான குளிர்ந்த வறட்சியில் கரு வளராமல் நின்று காத்திருக்கும். வெயில் திரும்பியதும் வளரத் தொடங்கி, அடுத்த மழையில் பூச்சி பெருகும்போது வெளியே வரும். அந்தக் குளிரை நாம் கொடுக்காவிட்டால் சில கருக்கள் தொடங்கவே தொடங்காது. மொத்தம் ஏழு மாதமும் ஆகலாம், பத்து மாதமும் ஆகலாம். சென்ற ஏப்ரலில் இட்ட ஒரு டப்பாவில் ஓடுகளின்மேல் வியர்வை போல முத்து முத்தாக நீர் அரும்பியிருந்தது. "இன்றோ நாளையோ" என்றார். ஒன்றில் நட்சத்திரம் போலக் கீறல் விழுந்து ஒரு மூக்கு வெளியே தெரிந்தது. அசையவில்லை. இழுத்துவிடலாமா என்று என் விரல் துடித்தது. மஞ்சள் கருவின் மிச்சத்தை அது உள்ளே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, அரை நாள்கூட அப்படியே இருக்கும், தொடக் கூடாது.

போன வாரத்துக் குஞ்சுகளைப் பார்த்தேன். வால் நீங்கலாகத் தீக்குச்சி நீளம்கூடத் தேறாது. எல்லாம் பழுப்பு, எது ஆண் எது பெண் என்று தெரியாது. பறக்க முடியாத பழ ஈக்களை உள்ளே தட்டியதும், பிறந்து ஏழு நாளான ஒன்று நாக்கை எறிந்து ஒரு ஈயை இழுத்தது. கற்றுக்கொடுக்கத் தாய் இல்லை. சில வாரம் கூட்டாக வைத்து, ஒன்று மற்றதை முறைக்கத் தொடங்கியதும் பிரித்துவிடுவார். அடி உதை ஒன்றும் நடக்காது; பெரியது பார்க்கிற பார்வையிலேயே சிறியது தின்னாமல் இளைக்கும்.

ஒரு மணிக்குத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. இருவரும் எழுந்தோம். கேமராவில் அந்தப் பெண் குழியை மூடி முடித்திருந்தது. அரை மணி பொறுத்து, கிளையின் உச்சிக்கு அது ஏறிய பிறகுதான் விரிப்பை எடுத்தார். முகமெல்லாம் மண். இடுப்பு ஒட்டி, விலாவெலும்பு தெரிந்தது. பின்னங்கால் நடுங்கியது.

அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் கூரையில் இருந்த சொட்டுக்குழாயைத் திருகினார். வெதுவெதுப்பான நீர், துளி துளியாக, மணி பிளான்ட் இலையில் விழுந்து நுனியில் சேர்ந்து, நகர்ந்து, மினுங்கியது. பச்சோந்தி ஒரு கண்ணை அதன்மேல் திருப்பியது. பிறகு மற்றக் கண்ணையும். மெல்ல நகர்ந்து இலை நுனிக்குக் கீழே வாயை வைத்துத் தலையை உயர்த்தியது. தொண்டை ஏறி இறங்கியது.

"சில சமயம் முக்கால் மணி நேரம்கூடக் குடிக்கும்" என்றார்.

மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மூன்று மணிக்குள் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் படியிறங்கிப் போய்ப் பார்த்தேன். இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.